காரணம் கிடைக்காத ஜெபம்

இந்த வாரம் சென்னை ரூம்ல இருந்து பேசல. ஊர்ல இருந்து பேசறேன். கள்ளக்குறிச்சி மாவட்டம், களமருதூர். மைக்கு அதே மைக்குதான், ஆனா நடுநடுவுல ஆடு கத்தும், டிராக்டர் போகும். எடிட்ல முடிஞ்ச அளவுக்கு எடுத்துட்டேன். மிச்சம் இருந்தா பொறுத்துக்கோங்க.

ஊருக்கு வந்த காரணம், நாளைக்கு எங்க அப்பாவோட மூணாம் வருஷ நினைவு நாள். அதனால, ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே வந்த ஒரு விஷயத்தை இன்னைக்குப் பேசிடலாம்னு இருக்கேன். முழு நம்பிக்கையோட ஜெபம் பண்றோம். அது நடக்கல. அதுக்கப்புறம் அந்த விசுவாசத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எனக்கு இதுல பெரிய ஞானம் எதுவும் கிடையாது. நான் போதகரும் இல்ல. கோடு எழுதிப் பொழைக்கற ஆளு. நடந்ததை அப்படியே சொல்றேன், நீங்க யோசிங்க.

முதல்ல ஒரு சாட்சியில இருந்து ஆரம்பிக்கறேன். நானே சொன்ன சாட்சி. சொன்ன 18ஆவது நாள் அது பொய்யாப் போச்சு.

அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் நிலம். மக்காச்சோளம், ஒரு பக்கம் கரும்பு. சர்க்கரை வியாதி ரொம்ப வருஷமா இருந்துச்சு. 'ஒண்ணும் பண்ணாது'ன்னு சொல்லிட்டே இருந்தார். 2020ல கிட்னி ரெண்டும் போயிடுச்சுன்னு தெரிஞ்சுது. வாரத்துக்கு ரெண்டு தடவை டவுனுக்குப் போய் டயாலிசிஸ். அப்ப எனக்கு வீட்ல இருந்தே வேலைங்கறதால, பாதி நாள் நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவர் உள்ள நாலு மணி நேரம் படுத்திருப்பார். நான் வெளியில படிக்கட்டுல லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு மீட்டிங்ல இருப்பேன்.

எங்க சபை சின்ன சபை. ஆனா ஜெபத்துல குறை வைக்கல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், ராத்திரி சங்கிலி ஜெபம், எல்லாம் நடந்துச்சு. 2022 ஜூலையில அப்பாவுக்கு ரத்தத்துல கிருமி ஏறி ஐசியூவுல சேர்த்தோம். ஒன்பது நாள். பத்தாவது நாள் வார்டுக்கு மாத்தினாங்க. அதுக்கடுத்த வாரம் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, வீட்டு வாசப்படியில தானா ஏறினார்.

அந்த ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு சாட்சி சொன்னேன். ஆண்டவர் அப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டார், ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சுன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அம்மா அழுதாங்க. ஒண்ணு மட்டும் நான் சொல்லாம விட்டுட்டேன். டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர், 'இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு தம்பி, அடுத்த ஒரு மாசம் ஜாக்கிரதையா பாக்கணும்'னு சொல்லியிருந்தார். அதையும் சேர்த்துச் சொன்னா சாட்சி சப்புன்னு ஆயிடும்னு தோணுச்சு. இன்னொரு பயமும் இருந்துச்சு. சந்தேகத்தோட சொன்னா அது அவிசுவாசம் ஆயிடுமோன்னு.

18ஆவது நாள், விடியக்காலை நாலரை மணிக்கு அப்பா போயிட்டார். ஆம்புலன்ஸ் உளுந்தூர்பேட்டை பைபாஸைத் தொடறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுச்சு.

அடக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் நல்லவங்க. எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தாங்க. ஆனா எல்லாரும் ஒரு காரணத்தோட வந்தாங்க. 'அவர் கஷ்டத்தைப் பார்த்து ஆண்டவர் எடுத்துக்கிட்டார்' அப்படின்னார் ஒருத்தர். 'இதுல ஒரு பெரிய திட்டம் இருக்கும் தம்பி' அப்படின்னார் இன்னொருத்தர். ஒரு பெரியவர் மட்டும் தனியா கூப்பிட்டு, 'வீட்ல எல்லாருக்கும் முழு விசுவாசம் இருந்துச்சா?'ன்னு மெதுவா கேட்டார். அந்தக் கேள்வி ஆறு மாசம் என்னைத் தூங்க விடல.

ஏன்னா நான் பார்க்கற வேலை அப்படி. எங்க வேலையில ஒரு சிஸ்டம் ராத்திரி படுத்துடுச்சுன்னா, மறுநாள் உட்கார்ந்து ஆர்சிஏ எழுதணும். அதாவது மூல காரணம் கண்டுபிடிக்கற அறிக்கை. எந்த நிமிஷம் என்ன நடந்துச்சு, எந்த மாற்றத்தால ஆரம்பிச்சுது, ஏன், அதுக்கு ஏன், அதுக்கும் ஏன்னு தோண்டிட்டே போகணும். 'காரணம் தெரியல'ன்னு எழுதினா மேனேஜர் ஏத்துக்க மாட்டார். நாலு வருஷமா அதையே பண்ணிப் பண்ணி மூளை அப்படியே பழகிடுச்சு. அப்பா சாவுக்கும் மனசுக்குள்ள ஒரு ஆர்சிஏ எழுத ஆரம்பிச்சுட்டேன். டாக்டர் சொன்னதை மறைச்சது தப்பா? ஒரு வெள்ளிக்கிழமை உபவாசத்தை முறிச்சு டீ குடிச்சேனே, அதுவா? நான் காலேஜ்ல பண்ண ஏதாவது தப்பா? ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். எந்தக் காரணமும் பொருந்தல. ஆனா எதையும் விடவும் முடியல.

யோவான் 9ஆம் அதிகாரத்துல சீஷர்கள் கேக்கறதும் இதே ஆர்சிஏதான். பிறவியிலேயே கண் தெரியாத ஒருத்தரைப் பார்த்ததும், இவர் பாவமா, பெத்தவங்க பாவமான்னு கேக்கறாங்க. இயேசு ரெண்டும் இல்லன்னு சொல்லிட்டு, இனிமே நடக்கப்போற கடவுளோட செயலைப் பத்திப் பேசறார். அப்புறம் குனிஞ்சு மண்ணைக் குழைக்க ஆரம்பிச்சுடறார். சண்டே ஸ்கூல் காலத்துல இருந்து எனக்கு இது மனப்பாடம். ஆனா மனப்பாடமா தெரிஞ்ச வசனம், நம்ம வீட்ல சாவு விழுந்த அன்னைக்கு ஞாபகத்துக்கு வராதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ஜெபத்தை நிறுத்திட்டேன். முடிவு பண்ணி நிறுத்தல, அதுவா நின்னுடுச்சு. சபைக்குப் போவேன், பாட்டு பாடுவேன், கீபோர்டு கூட வாசிப்பேன். தனியா உட்கார்ந்து கண்ணை மூடினா ஒரு வார்த்தையும் வராது.

இந்த இடத்துல ஒரு பழைய கதைக்குப் போகணும். எங்க ஊர்ல விபிஎஸ் நடக்கும்போது ஒரு அக்கா ஃபிளானல் போர்டுல படம் ஒட்டிக் கதை சொல்வாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. ஏமி கார்மைக்கேல் கதை. வட அயர்லாந்துல மில்லைல்னு ஒரு கடலோர ஊர். அங்க 1867ல பிறந்த பொண்ணு. அம்மாவுக்கு நீலக்கண். இந்தக் குழந்தைக்குப் பழுப்புக்கண். மூணு வயசுல ஒரு ராத்திரி, எனக்கும் நீலக்கண் கொடுங்கன்னு ஜெபம் பண்ணிட்டுத் தூங்குது. காலையில எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்க்குது. அதே பழுப்புக்கண். 'இல்ல'ங்கறதும் ஒரு பதில்தான்னு அந்தக் குழந்தை அன்னைக்குக் கத்துக்குது.

அப்புறம் அவங்க 1895ல இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையில டோனாவூர்ல தங்கறாங்க. 1901ல, கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு சின்னப் பொண்ணு தப்பிச்சு அவங்ககிட்ட வந்து சேருது. அதுல இருந்து அந்த மாதிரி குழந்தைகளைக் காப்பாத்தி வளர்க்கறதே வேலையாயிடுது. புடவை கட்டி, தோலுக்குச் சாயம் பூசி, உள்ளூர்ப் பொம்பள மாதிரி போய் விசாரிப்பாங்களாம். கதையோட முடிவுல எங்க அக்கா கேப்பாங்க: 'நீலக்கண் இருந்திருந்தா மாட்டியிருப்பாங்கல்ல? அதான் ஆண்டவர் அன்னைக்கே இல்லன்னு சொன்னார்.' நாங்க எல்லாரும் 'ஆமா அக்கா'ம்போம். எவ்வளவு அழகா முடியுது பாருங்க. கேட்டது கிடைக்கல, ஆனா கிடைக்காததுக்கு ஒரு காரணம் பின்னாடி வந்து சேர்ந்துடுச்சு. எங்க எல்லாருக்கும் விசுவாசம்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தது இந்தக் கதைதான். அந்த அக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. எட்டு வயசுப் பசங்களுக்கு வேற எப்படிச் சொல்வாங்க?

அப்பா போன அடுத்த வருஷம், எங்க டீம்ல இருக்கற நாங்குநேரி பக்கத்து அண்ணன் ஒருத்தர்கிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த மாதிரி ஒரு காரணம்கூட எனக்கு வரலியேண்ணான்னு. அவர் சொன்னார்: 'தம்பி, நீ பாதிக் கதைதான் கேட்டிருக்க. மீதிக்கதை எங்க ஊர்ப்பக்கம் நடந்தது.'

மீதிக்கதை இதுதான். 1931 அக்டோபர் 24. ஏமிக்கு அப்ப 63 வயசு. காலையில ஒரு ஜெபம் பண்றாங்க. உமக்கும் இந்த மக்களுக்கும் இன்னும் நல்லா ஊழியம் செய்ய எது தேவையோ, அதை எனக்குச் செய்யுங்கன்னு. அன்னைக்குச் சாயங்காலம், பக்கத்துல களக்காட்டுல புதுசா தயாராகிக்கிட்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போறாங்க. கழிப்பறைக்காகத் தோண்டின குழி, தோண்டக் கூடாத இடத்துல தோண்டியிருக்காங்க. இருட்டுல அதுக்குள்ள விழுந்துடறாங்க. கால் முறிஞ்சு, கணுக்கால் பிசகிடுது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. கொஞ்ச நாள்ல எழுந்து நடந்துடுவாங்கன்னுதான் நினைச்சாங்க. நடக்கல. வலி முதுகுக்கும் பரவிடுது. அதுக்கப்புறம் 1951 ஜனவரி 18ல இறந்துபோற வரைக்கும், 19 வருஷத்துக்கு மேல, பெரும்பாலும் ஒரே அறைக்குள்ள, படுக்கையிலதான் இருந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. காலையில அந்த ஜெபம், சாயங்காலம் அந்தக் குழி. நானா இருந்தா அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டுப் பைத்தியமே பிடிச்சிருக்கும்.

இந்தத் தடவை நீலக்கண் கதை மாதிரி ஒரு விடை வரல. 'விழுந்ததாலதான் இது நடந்துச்சு'ன்னு சொல்லிக் கணக்கை முடிக்கற மாதிரி எதுவும் இல்ல. அந்த 19 வருஷத்துல நிறையப் புத்தகம் எழுதினாங்க, அது உண்மைதான். ஆனா அவங்க விழறதுக்கு முன்னாடியும் எழுதிக்கிட்டுதான் இருந்தாங்க. புத்தகம் வந்ததால வலி சரியாப் போச்சுன்னு எனக்குச் சொல்ல வரல.

அந்த அண்ணன் எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்'. 1933ல வந்தது. படுக்கையில கிடந்துக்கிட்டே, நோயாளிகளுக்காக ஏமி எழுதினது. ஏன் எழுதினாங்கன்னா, நோயாளிகளுக்குன்னு வந்த ஆறுதல் புத்தகங்கள் எல்லாம் நல்லா இருக்கறவங்க எழுதினது, வலியில கிடக்கறவங்களுக்கு அது ஒட்டலன்னு அவங்களுக்கே பட்டுச்சாம். அதைப் படிச்சப்ப எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அடக்கத்துக்கு வந்தவங்களைப் பத்தி நான் நினைச்சதும் இதேதான். இவ்வளவு பெரிய மிஷனரிக்கும் அப்படித் தோணியிருக்கு.

எனக்குப் புரிஞ்சது இதுதான். மூணு வயசுல கத்துக்கிட்ட பாடத்தை அவங்க 63 வயசுல முதல்ல இருந்து மறுபடியும் கத்துக்க வேண்டியிருந்துச்சு. சின்ன வயசுல 'இல்ல'ங்கற பதிலை ஏத்துக்கக் கத்துக்கிட்டாங்க. அதுக்குப் பின்னாடி ஒரு காரணமும் சேர்ந்துக்கிச்சு. வயசான காலத்துல காரணம் இல்லாமலே அதை ஏத்துக்கணும். கேக்கறதுக்கு ஒரே பாடம் மாதிரி இருக்கு, ஆனா ரெண்டாவது ரொம்பக் கஷ்டம். முதல்ல கத்துக்கிட்டது ரெண்டாவதுக்கு உதவவே உதவாதோன்னு கூட எனக்குத் தோணுது. நம்மள்ல பல பேர் முதல் பாடத்தைத்தான் விசுவாசம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது உடைஞ்சதும் விசுவாசமே போயிடுச்சுன்னு நினைச்சுடறோம்.

வேதத்துல இதுக்கு ஒரு ஆள் இருக்கார். யோவான் ஸ்நானகன். ஜெயில்ல இருந்துக்கிட்டு இயேசுகிட்ட ஆள் அனுப்பிக் கேக்கறார், வரவேண்டியவர் நீர்தானா, இல்ல வேற ஒருத்தருக்காகக் காத்திருக்கணுமான்னு. மத்தேயு 11. யோசிங்க, இயேசுவை ஊருக்கே காட்டிக் கொடுத்தவர் இவர்தான். அவருக்கே அந்தச் சந்தேகம். இயேசு ஒரு பட்டியல் சொல்லி அனுப்பறார். பார்வை இல்லாதவங்க பார்க்கறாங்க, கால் வராதவங்க நடக்கறாங்க, குஷ்டரோகிகள் சுத்தமாகறாங்க, காது கேக்காதவங்க கேக்கறாங்க, செத்தவங்க எழுந்திருக்கறாங்க, ஏழைகளுக்கு நல்ல செய்தி போகுது. இந்தப் பட்டியலை லூக்கா 4ஓட பக்கத்துல வச்சுப் பாருங்க. நாசரேத்து ஜெபஆலயத்துல இயேசு ஏசாயா சுருளை எடுத்து வாசிக்கறார். அதுல கைதிகளுக்கு விடுதலைன்னும் ஒண்ணு இருக்கு. ஜெயில்ல இருக்கற யோவானுக்கு அனுப்பின பதில்ல அது மட்டும் இல்ல.

அந்த ஜெயில் கதவு திறக்கல. யோவான் தலை போச்சு. ஏன்னு காரணமும் சொல்லல. ஆனா யோவானை இயேசு திட்டவும் இல்ல. ஆள் திரும்பிப் போனதும், கூட்டத்துக்கு முன்னாடி யோவானைத்தான் அவ்வளவு உயர்த்திப் பேசறார். சந்தேகத்தைத் தூக்கிக்கிட்டு அவர்கிட்டயே போன ஒருத்தரைப் பத்தி.

இப்ப எங்க அம்மா கதைக்கு வரேன். அம்மா அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவங்க. நான் ஜெபம் பண்றதில்லைன்னு அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுடுச்சு. ஒரு நாள் ராத்திரி திண்ணையில உட்கார்ந்து மல்லாட்டை உரிச்சுக்கிட்டே கேட்டாங்க, 'ஆண்டவர் மேல கோவமா?' ஆமான்னு சொன்னேன். அம்மா சொன்னாங்க: 'கோவம்னா அவர்கிட்டயே போய்க் கோச்சுக்கோ. எங்கிட்ட எதுக்கு மூஞ்சிய தூக்கி வச்சுக்கற?' சொல்லிட்டு மல்லாட்டை உரிக்கப் போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'நான் தினமும் கோச்சுக்கறேன். உங்க அப்பா இருந்த பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டு, அவர்கிட்ட சண்டை போட்டுட்டுத்தான் தூங்கறேன்' அப்படின்னாங்க.

அன்னைக்கு ராத்திரி சங்கீதம் 88 எடுத்து வாசிச்சேன். சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். பெரும்பாலானது அழுதுட்டு, கடைசியில எப்படியோ துதியில போய் நிக்கும். இந்த 88 அப்படி நிக்காது. இருட்டுலயே முடியும். ஆனா அந்த மனுஷன் ராத்திரியும் பகலும் கடவுளைப் பார்த்துத்தான் பேசறார். பதில் வரல, பேச்சை நிறுத்தல. எங்க அம்மா அந்தச் சங்கீதத்தைப் படிச்சிருக்காங்களான்னு தெரியாது. ஆனா அதையேதான் தினமும் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க.

நானும் அப்படித்தான் திரும்ப ஆரம்பிச்சேன். முதல் ஜெபம் ஒரே வரிதான். 'ஏன் அந்த 18 நாளைக் கொடுத்தீங்க?' அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே வரி. ரொம்ப நாளைக்கு அதுதான் என் முழு ஜெபம். பதில் வரல, இன்னைக்கு வரைக்கும் வரல. ஆனா பேச ஆரம்பிச்ச பிறகு, அந்த 18 நாள்ல நடந்தது ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. அப்பா கரும்புக் கொல்லை வரைக்கும் நடந்து போனது. தம்பியைத் திட்டினது. கஞ்சியில உப்பு கம்மின்னு அம்மாகிட்ட சண்டை போட்டது. அதுவரைக்கும் அந்த நாட்களை, என்னை ஏமாத்தின நாட்களாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். இதைக் காரணம்னு நான் சொல்லல. இதுக்காகத்தான் ஆண்டவர் அப்படிப் பண்ணார்னு நான் சொன்னா, நீங்க நம்பாதீங்க.

ஒண்ணு சொல்லிடறேன். தூக்கம் போய், சாப்பாடு போய், செத்துடலாமான்னு தோணற நிலைமையில யாராவது இருந்தா, ஜெபத்தோட சேர்த்து டாக்டரையும் கவுன்சிலரையும் போய்ப் பாருங்க. நானும் போனேன். அது அவிசுவாசம் இல்ல.

போன வருஷம், ரெண்டாம் வருஷ நினைவு நாள்ல பாஸ்டர் ஐயா என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். அதே இடத்துல, அதே மைக்குல நின்னேன். '2022ல நான் இங்க ஒரு சாட்சி சொன்னேன். டாக்டர் சொன்னதுல பாதியை மறைச்சுச் சொன்னேன். அப்பா பிழைக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. நான் இன்னும் இங்கதான் இருக்கேன், இன்னும் அவர்கிட்டதான் பேசறேன். இதுதான் என் சாட்சி' அப்படின்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். யாரும் கை தட்டல. யாரும் ஆமென்னு கூடச் சொல்லல. தப்பாப் பேசிட்டோமோன்னு எனக்கு வேர்த்துப்போச்சு.

ஆராதனை முடிஞ்சு வெளியில வந்தப்ப, ஒரு ஆயா வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க மகன் சின்ன வயசுலயே காய்ச்சல்ல போனது ஊருக்கே தெரியும். ஆனா அவங்க அதைப் பத்திச் சபையில பேசி நான் கேட்டதே இல்ல. 'நானும் அப்பருந்து கேட்டுக்கிட்டேதான் தம்பி இருக்கேன். கேக்கறது தப்போன்னு யார்கிட்டயும் சொல்லல' அப்படின்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அவங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்கு முன் வரிசையில, பாயில உட்கார்ந்திருந்தவங்க.

நம்ம சபைகள்ல ஜெயிச்ச சாட்சிக்கு மைக் இருக்கு. இந்த ஆயாவோட சாட்சிக்கு மைக் இல்ல. ஆனா விசுவாசத்தைக் காப்பாத்தி வச்சிருந்தது அவங்கதான்னு நான் நினைக்கறேன்.

டோனாவூர்ல ஏமி தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அதனால பிள்ளைகள் அங்க பறவைகள் தண்ணி குடிக்கற ஒரு கல்தொட்டியை வச்சு, தாங்க அவங்களைக் கூப்பிட்ட பேரை மட்டும் அதுல எழுதினாங்க. அம்மாங்கற அர்த்தம் வர்ற பேர். அந்த அறையில படுத்திருந்தவங்களைப் பிள்ளைகள் ஞாபகம் வச்சிருந்தது அப்படித்தான்.

நாளைக்குக் காலையில கல்லறைக்குப் போய்ச் சுத்தம் பண்ணணும். அம்மா இப்பவே மண்வெட்டியை எடுத்து வெளியில வச்சுட்டாங்க. இதே மாதிரி ஒரு பதில் வராத ஜெபத்தைத் தூக்கிக்கிட்டு நீங்க இருந்தீங்கன்னா, காரணம் கிடைச்ச பிறகு பேசிக்கலாம்னு காத்திருக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு வரி பேசுங்க, கோவமா இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த வாரம் சென்னையில இருந்து, ஆட்டுச் சத்தம் இல்லாம பேசறேன்.